தொங்கியவன் இல்லை, மாட்டிக்கொண்டவன்

தம்பி,

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் என் துப்பட்டாவின் முனை கதவோரத்து ஆணி ஒன்றில் சிக்கியது. தெரியாமல் நான் திரும்பப் போக, கடைக்காரப் பெண் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "இழுக்காதக்கா, இழுக்காத! மாட்டிக்கிச்சி பாரு. இரு, நான் எடுத்து வுடறேன்." எடுத்தும் விட்டாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நான் அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. எடுத்த நகல்களை மேசையிலேயே போட்டுவிட்டு, காது இரண்டும் கொதிக்க ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மதியம் அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள்.

அவள்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இப்படி ஆகிறது. நீ போய் மூன்று வருடம் ஆகியும் ஆகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ எனக்கு ஏழு வயது இளையவன். ஐ.டி.ஐ. முடித்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் இரண்டு வருடம் லேத் ஓட்டினாய். "நாலு செவுத்தப் பாத்துக்கினு எத்தினி வருசம் நிக்கறதுக்கா?" என்று ஒருநாள் கேட்டாய், அடுத்த மாதமே கப்பலுக்குப் போய்விட்டாய். நான் எங்கும் போகவில்லை. பிரெஞ்சுத் தாளைத் தமிழாக்கி, தமிழ்த் தாளைப் பிரெஞ்சாக்கி, முத்திரை குத்திக் கொடுக்கும் அந்தச் சின்ன ஆபீசில்தான் அன்றும் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். பிறப்பு, கல்யாணம், சாவு. மூன்றும் என் கைவழியாகப் போகும். ஒரு எழுத்து பிசகினால் பாரீசிலிருந்து தாள் திரும்பி வந்துவிடும். அது உனக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிறு தோறும் போன் போடும்போது எனக்கு வார்த்தை கொண்டு வருவாய். மற்றவர்களின் தம்பிகள் சாக்லேட், சென்ட் என்று கொண்டு வருவார்கள். நீ, "ஒரு வார்த்தை கெடச்சிதுக்கா, எழுதிக்கோ" என்பாய்.

கடைசி ஞாயிறும் அப்படித்தான். உன்னோடு டெக்கில் வேலை செய்த ஜுன், பிலிப்பைன்ஸில் செபு என்ற தீவுக்காரன், அவன் பாஷையில் நான்கு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தான்.

"துணி காயப் போட்டா ஹய்ஹாய். சட்டைய ஆணில மாட்டுனா சப்இத். யாரும் வேணும்னு செய்யாம, தானா போயி ஒண்ணு இன்னொண்ணுல மாட்டிக்கிச்சின்னா சாங்கித். கழுத்துல கயிறு போட்டுத் தொங்க வுட்டா பித்தாய். நம்மகிட்ட இன்னா இருக்குது, சொல்லு?"

"இல்லாம இன்னா? நிறைய இருக்குது."

"எங்க இருக்குது? சட்டைய மாட்டு. பூட்ட மாட்டு. வலையில மீன் மாட்டிச்சி. போலீஸ்ல மாட்டிக்கிட்டான். தூக்கு மாட்டிக்கிட்டான். ஒரே மாட்டு! இத்த ஒண்ண வெச்சிக்கினு எப்டிக்கா பொழைக்கிறோம்?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிக்குதல் இருக்கிறது, கோத்துக்கொள்வது இருக்கிறது என்று சண்டை போட்டேன். நீ சிரித்தாய். அப்புறம் நான் கேட்டேன், "இந்த சாங்கித்த எங்க புடிச்ச?"

"நேத்து ஏணில எறங்கும்போது என் சேஃப்டி பெல்ட்டு கொக்கி கம்பியில மாட்டிக்கிச்சி. ஜுன்தான் எடுத்து வுட்டான், அப்பச் சொன்னான். அந்த பெல்ட்டே சரியில்லக்கா, பக்கிள் தானா தொறந்துக்குது. புதுசு வேணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சி."

நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "சாங்கித்துக்கு ஸ்பெல்லிங் சொல்லு" என்றேன்.

என் தம்பி, தன் உயிரைப் பிடித்திருக்க வேண்டிய பெல்ட் தானாகத் திறந்துகொள்கிறது என்று சொல்கிறான். நான் நோட்டுப் புத்தகத்தில் நான்கு வார்த்தைகளை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என்னை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் நீயும் அதைப் பாதிச் சிரிப்போடுதானேடா சொன்னாய்? பயமாக இருக்கிறது, ஏறமாட்டேன் என்று கப்பல் அதிகாரியிடம் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும் ஊரைக் கூட்டுவாயே!

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்துத் தெரு மாமாவும் வந்து உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து, உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் ஆபீஸ் ஆள் பேசினான். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, உங்க பையன்... கப்பல்ல ஒரு சம்பவம் ஆயிடுச்சும்மா. கயித்துல மாட்டிக்கிட்டாரும்மா. உயிர் இல்ல."

அம்மாவின் கையிலிருந்து போனை மாமா வாங்கினார். "இன்னா சார் சொல்றீங்க, தூக்கா?"

அந்த ஆள் ஒரு நொடி யோசித்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். "ரிப்போர்ட்ல ஹேங்கிங்னுதான் சார் போட்டிருக்குது. அப்டின்னா அதானே."

அதானே! பதினெட்டு வருடமாக ஒரு எழுத்துக்காக ஒருவரை மூன்று தடவை அலைய வைக்கும் தொழிலில் இருக்கிறேன். ஒரு மனிதனின் சாவை இவன் 'அதானே' என்று முடித்துவிட்டான். மாமா போனை வைத்தார், அம்மாவைப் பார்த்து, "தூக்கு மாட்டிக்கினானாம்" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே இறங்கி உட்கார்ந்தாள். "நாந்தான் சொன்னேன். நாந்தான் சொன்னேன்" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். முந்தைய ஞாயிறு, மூன்றாவது பெண்ணையும் வேண்டாம் என்று நீ சொன்னதற்கு, "இனிமே எங்கிட்ட பேசாத. எனக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சிக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அவள் படுத்தாள். மாதக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து உன்னைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். நம் சர்ச் சாமியார் நல்ல மனிதர். வாசலிலேயே நின்று, "மணி அடிக்கச் சொல்லவா?" என்றுதான் கேட்டார். மாமா குறுக்கே புகுந்தார்.

"வேணாம் சாமி. ஊரு வாய நம்மால மூட முடியாது. பெரிய ரோட்டு வழியாவும் வேணாம். சந்து வழியா கொண்டு போயி சத்தமில்லாம முடிச்சிடலாம்."

சத்தமில்லாமல் முடித்தார்கள். உன் வகுப்பில் படித்தவர்கள் நான்கு பேர், மாமா, நான். கோயிலின் பக்கவாட்டுக் கதவு வழியாக உன்னை வெளியே எடுத்தார்கள். வழியில் ஒரு பெண்மணி பக்கத்தில் நின்றவளிடம், "அதான், கப்பல்ல தூக்கு மாட்டிக்கினாரே, அவருதான்" என்றாள், என் காதுபட. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி, அன்றைக்கு நான் தலையைக் குனிந்தேன்.

பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்யவில்லை. அடக்கத்துக்கு அடுத்த வாரம் உன் சாமான் பெட்டியும் ஒரு தாள் கட்டும் வந்தன. எல்லாம் ஆங்கிலம். அம்மாவிடம் காட்டவில்லை. ஆபீஸ் மேசையில் வைத்து, யாரோ ஒருவருடைய தாள்போல நினைத்துக்கொண்டு படித்தேன். அப்படித்தான் படிக்க முடிந்தது.

துறைமுகத்து டாக்டர், கழுத்து கயிற்றில் இறுகியது என்பதோடு நிறுத்தியிருந்தார். கேப்டனின் அறிக்கையில்தான் 'தொங்கிய நிலையில்' என்றும் 'குடும்பப் பிரச்சினை இருந்திருக்கலாம்' என்றும் இருந்தது. நேரம், காலை பத்தேகால். இடம், கப்பலின் வெளிப்புறம், பெயின்ட் அடிக்கும் பலகைக்குப் பக்கத்தில். உன் உடம்பில் இருந்த பொருட்களின் பட்டியலில் கடைசி வரி: பெயின்ட் பிரஷ் ஒன்று, வலது மணிக்கட்டில் நூலால் கட்டியது.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கை தவறினால் பிரஷ் கடலில் விழுந்துவிடும் என்பதற்காகக் கட்டிக்கொள்வோம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சாகப் போகிறவன், பட்டப்பகலில், பிரஷ் விழுந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டா போவான்? இதைக் கேப்டன் பார்க்கவில்லையா? ஏஜென்ட் பார்க்கவில்லையா? நானே ஒரு மாதம் கேட்காமல் இருந்தேனே!

அடுத்த பக்கத்தில் ஜுனின் வாக்குமூலம். நான்கே வரி. 'ஹி ஹேங் இன் தி ரோப். ஐ ஸீ ஹி ஹேங்.' கீழே கையெழுத்து. அந்த ஆங்கிலத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது வேறொரு பாஷையில் யோசித்துவிட்டு, கையில் கிடைத்த இங்கிலீஷைப் போட்டுச் சொன்னது. என் மேசைக்குத் தினமும் இப்படிப்பட்ட தாள் வருகிறது. அவன் மனதில் இருந்தது நீ சொன்ன நான்கில் எந்த வார்த்தை?

உன் போனிலிருந்து அவன் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். அவன் ஒப்பந்தம் முடிந்து ஊரில் இருந்தான். யார் என்று சொன்னேன். நான் சுற்றி வளைக்கவில்லை. "ஜுன், பித்தாயா, சாங்கித்தா?" என்றேன்.

"சாங்கித், ஆத்தே!" என்று கத்தினான். "நசாங்கித்! டிலி பித்தாய்! டிலி!" ஆத்தே என்றால் அக்கா. டிலி என்றால் இல்லை. நசாங்கித் என்றால் மாட்டிக்கொண்டான். அதற்குமேல் அழுதான். நானும் அழுதேன். அழுது முடித்தபின் நடந்ததைச் சொன்னான்.

பலகையைத் தாங்கிய இரண்டு கயிற்றில் ஒன்று நழுவியிருக்கிறது. நீ சரிந்தாய். பெல்ட் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பக்கிள் திறந்துகொண்டது. பெல்ட் மேலே ஏற, அதன் கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டது. மேலே ஜுன் ஒருவன்தான். கத்திக்கொண்டே தனியாக உன்னை இழுத்திருக்கிறான். மற்றவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அதிகாரி அவனை உட்கார வைத்து, இங்கிலீஷில் சொல் என்றிருக்கிறார். சாங்கித்துக்கு அவனிடம் இங்கிலீஷ் இல்லை. ஹேங் என்றான். தாளைப் படித்துப் பார்த்தபோது சந்தேகம் வந்து, இப்படி இல்லை சார் என்றிருக்கிறான். "எழுதியாச்சு, கையெழுத்துப் போடு" என்றார்களாம். போட்டுவிட்டான்.

அவன் பாஷை தெரியாத ஒருவர் எழுதினார். தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை. நீயாகச் செய்துகொண்டாய் என்றால் பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், மூன்று தடவை எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். உன் சாவைவிட அவர்களுக்கு ஒரு புது பக்கிள் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

நான் சென்னைக்குப் போனேன். அதே ஆள்தான். ஏ.சி. ரூமில் உட்கார வைத்தான், டீ வரவழைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வார்த்தைதானேம்மா. எந்த வார்த்தை போட்டா இன்னா, ஆள் போனது போனதுதானே" என்றான்.

எழுந்து நின்றேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. "உங்க அம்மாவுக்குப் போன் போட்டு, உங்க புள்ள தூக்கு மாட்டிக்கினான்னு சொல்லட்டுமா? வார்த்தைதானே!" வெளியே இருந்த பையன்கள் எல்லாம், கப்பலுக்குப் போகப் பேர் கொடுக்க வந்தவர்கள், எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்தும் கத்தினேன். "போறதுக்கு முன்ன பெல்ட்டப் பாத்துட்டு ஏறுங்கடா!"

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். ஜுன் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரை உட்கார வைத்து, தன் பாஷையிலேயே எல்லாவற்றையும் எழுதினான். டீச்சர் அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுதினார். வக்கீல் முன்னால் சத்தியம் செய்து அனுப்பினான். அதற்கப்புறம் எந்தக் கப்பலும் அவனைக் கூப்பிடவில்லை. இன்று ஊரில் மோட்டார் ரிப்பேர் செய்கிறான். நான் கேட்டால் பரவாயில்லை ஆத்தே என்கிறான். எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கு வேலை போயிற்று, பொய்யை எழுதியவர் இன்னும் கேப்டனாக இருக்கிறார்.

அவன் அனுப்பியதை வைத்து நான் போட்ட மனுக்களுக்கு, கடைசியில் கப்பல் பதிவான நாட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. வேலையின்போது நேர்ந்த விபத்து, பாதுகாப்புக் கயிற்றில் சிக்கி மரணம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "எம்மனசு ஆறணும்னு நீயா எழுதிக்கினு வந்துட்ட" என்றாள். அதனால் ஜுனை வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா படுத்தபடியே அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "புள்ள கடைசியா இன்னா பேசினான்னு கேளு."

கேட்டேன். ஜுன் சொன்னான். மதியத்துக்கு என்ன சமையல் என்று பலகையிலிருந்து கேட்டாயாம். மீன் என்றானாம் இவன். "மறுபடி மீனா?" என்று நீ பிரஷ்ஷை ஆட்டித் திட்டினாயாம்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "மீனுன்னா மூஞ்சத் தூக்குவான்" என்றாள். "வீராம்பட்டினத்திலேர்ந்து துடிக்கத் துடிக்க வாங்கியாந்தாலும் தொடமாட்டான் எம்புள்ள." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மீனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் சாகப் போகிறவன் இல்லை என்று அவளுக்குத் தாள் இல்லாமலே புரிந்தது.

மறுநாள் காலை புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினாள். பதினைந்து மாதத்தில் முதல் தடவை. எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். நேராக மாமா வீட்டு கேட்டில் போய் நின்றாள். மாமா பேப்பரோடு வெளியே வந்தார்.

"எம்புள்ள தொங்கல. மாட்டிக்கிட்டான். ரெண்டும் வேற. தெரியுமா ஒனக்கு?"

"உள்ள வாயேன் தங்கச்சி. எதுக்கு வாசல்ல நின்னுக்கினு..."

"வாசல்லதான் பேசுவேன். நீ தெரு பூரா சொன்ன இல்ல? இப்ப தெரு பூரா நான் சொல்றேன். சந்து வழியா தூக்கிக்கினு போனியே, எம்புள்ள இன்னா திருடனா?"

மாடிகளில் தலைகள் தெரிந்தன. மாமா பேப்பரை மடித்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அம்மா அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், முந்தைய வருடம் நான் குனிந்த தலையின்மேல் விழுந்த மாதிரி இருந்தது. விழட்டும் என்று நின்றேன்.

அந்த ஞாயிறு உனக்குப் பூசை வைத்தோம். சாமியார் கேட்கும் முன்பே அம்மா, "மணி அடிக்கணும்" என்றாள். அடித்தார்கள். மாமா பின்வரிசையில் ஓரமாக நின்றிருந்தார். முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அவரோடு பேசவில்லை. மன்னித்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், அம்மாகூட. என்னால் இன்னும் முடியவில்லை. முடியாததற்காக வெட்கமும் படவில்லை.

கல்லறைக்குக் கல் வைத்தபோது, கல் செதுக்குகிறவர் வழக்கமான வாசகங்களை ஒரு அட்டையில் காட்டினார். கர்த்தருக்குள் நித்திரை, நித்திய இளைப்பாற்றி. அம்மா எதையும் தொடவில்லை. "வேலை செய்யும்போது இறந்தான்னு எழுதுங்க" என்றாள். அப்படி எழுதுகிற வழக்கம் இல்லையே என்றார். "வழக்கம் இருந்திருந்தா சாகவுட்டவங்க இத்தினி பேரு தப்பிச்சிருக்க மாட்டாங்க" என்றாள். உப்பளம் கல்லறையில் உன் பெயருக்குக் கீழே இப்போது அதுதான் இருக்கிறது.

போன வாரம் அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் தன் அண்ணனின் சாவுத் தாள்களோடு வந்தார். பிரான்சில் கட்டட வேலையில் இறந்தவர். பாதி படித்ததும் நான் பேனாவை வைத்துவிட்டேன். "இத பாத்தவங்க யாரு? அவங்க எந்த பாஷையில சொன்னாங்க? இன்னா வார்த்தை சொன்னாங்க?" அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை நான் எழுத மாட்டேன் என்று அனுப்பினேன். ஆபீஸ் ஐயா எரிந்து விழுந்தார். "தாள்ல இருக்கறத அப்டியே பாஷை மாத்தி எழுதறதுதாம்மா நம்ம வேலை. சண்ட போடறது இல்ல."

நேற்று அரியாங்குப்பத்துக்காரர் திரும்பி வந்தார். கையில் ஒரு போன் நம்பர் இருந்தது, அண்ணனோடு சாரத்தில் நின்றவருடையது. நாற்காலியை இழுத்து அவரை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த நம்பரை அழுத்தினேன்.